நோயைச் சொல்லாத மருந்து: ஒயின் கருவிகளை நம்பலாமா?

ஒயின் பாட்டிலின் கழுத்தில் மாட்டும் காந்த வளையம், கோப்பைக்குள் ஓரிரு விநாடி முக்கி எடுக்கும் உலோகத் தகடு, ஊற்றும்போதே காற்றைக் கலந்துவிடும் ஏரேட்டர், பாட்டிலை ஒலி அலைகளால் அதிரவைக்கும் மின் கருவி, சல்ஃபைட்டை உறிஞ்சும் குச்சி. ஒயினை ஒட்டி இப்படியொரு துணைச் சந்தை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வளர்ந்து, இணைய வணிகத்தின் வழியே இந்தியாவுக்கும் வந்துவிட்டது. விளம்பரங்கள் வெவ்வேறு, பெரும்பாலானவற்றின் வாக்குறுதி ஒன்றுதான். எந்த ஒயினாக இருந்தாலும் சுவை கூடும். கரடுமுரடானது மென்மையாகும், மலிவானது விலையுயர்ந்ததுபோல் இனிக்கும். குடிப்பது நல்லதா கெட்டதா என்பது வேறு விவாதம். காசு கொடுத்து வாங்குபவருக்கு இந்தக் கருவிகள் சொன்னதைச் செய்கின்றனவா என்பதே இங்கே கேள்வி. ஒயினில் உள்ள எந்தக் குறையை, எந்த வழியில் நீக்குகிறோம் என்று பெயர் சொல்லிக் கூறும் கருவியைப் பரிசீலிக்கலாம். ‘எல்லா ஒயினையும் மேம்படுத்தும்’ என்று மட்டும் சொல்லும் கருவியை, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே ஒதுக்கிவிடலாம். என்ன நோய் என்று கேட்காமலேயே வருகிறவர்களுக்கெல்லாம் ஒரே மாத்திரையை நீட்டும் வைத்தியரை யாரும் நம்புவதில்லை.

இதற்கான காரணம் ஒயினின் இயல்பிலேயே இருக்கிறது. ஒயினில் சுமார் 85 சதவீதம் தண்ணீர். பெரும்பாலானவற்றில் 12 முதல் 14 சதவீதம் ஆல்கஹால். மிச்சமிருக்கும் சொற்ப இடத்துக்குள்தான் அமிலங்கள், சர்க்கரை, கிளிசரால், நாக்கைத் துவர்ப்பால் இறுக்கும் டானின், நிறமிகள் அனைத்தும் அடங்குகின்றன. மணம் தரும் நூற்றுக்கணக்கான சேர்மங்களோ லிட்டருக்கு மில்லிகிராம், மைக்ரோகிராம், சில நானோகிராம் அளவில்கூட இருப்பவை. இவற்றுக்கிடையே ஒரு சமநிலையைக் கொண்டுவருவதுதான் ஒயின் தயாரிப்பவரின் வேலை. அந்தச் சமநிலை ஊருக்கு ஊர், திராட்சைக்குத் திராட்சை மாறும். போர்தோ பகுதியின் இளம் கேபர்னே சோவின்யோன் ஒயினில் டானின் தூக்கலாக இருப்பது சிலருக்குக் குறையாகப் படலாம். பர்கண்டியின் பினோ நுவார் ஒயினில் டானின் இயல்பிலேயே குறைவு. முன்னதில் தணிக்க வேண்டியதைப் பின்னதில் காப்பாற்ற வேண்டும். அப்படியிருக்க, இரண்டையும் ஒரே பக்கம் தள்ளும் ஒரு கருவி இரண்டுக்கும் நல்லது செய்ய வழியே இல்லை. அது உண்மையிலேயே ஏதாவது செய்கிறது என்றால், சில ஒயின்களைக் கெடுக்கவும் செய்யும். எந்த ஒயினையும் கெடுக்காது என்று விற்பவர் உறுதியளித்தால், அது எதையுமே செய்யவில்லையோ என்றுதான் சந்தேகிக்க வேண்டும்.

பிரான்ஸிலிருந்து வந்த ‘க்ளே து வன்’ என்ற கருவியை எடுத்துக்கொண்டால் இது தெளிவாகும். தாமிரத்தை முதன்மையாகக் கொண்டு வெள்ளியும் தங்கமும் கலந்த ஒரு சிறு வட்டு பதித்த தகடு அது. கோப்பையில் உள்ள ஒயினில் ஒரு விநாடி முக்கினால் ஓராண்டு முதிர்ச்சிக்குச் சமம் என்பது அதன் புகழ்பெற்ற கணக்கு. இதை முழுக்கக் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. தாமிரத்துக்கு ஒயினில் உண்மையான வேலை ஒன்று உண்டு. நொதித்தலின்போது ஈஸ்ட்டுக்குச் சத்து போதாமல் போனால் ஹைட்ரஜன் சல்ஃபைடும் அதன் உறவுக்காரச் சேர்மங்களும் உருவாகி, பாட்டிலைத் திறந்ததும் அழுகிய முட்டை நாற்றமோ கருகிய ரப்பர் வாடையோ அடிக்கும். தாமிரம் இந்தக் கந்தகச் சேர்மங்களைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். ஒயின் ஆலைகளிலேயே இதற்காகத் துளியளவு காப்பர் சல்ஃபேட் சேர்ப்பது உண்டு. முடிவில் ஒயினில் தங்கும் தாமிரம் லிட்டருக்கு 1 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்று ஐரோப்பாவில் வரம்பும் உண்டு. நாற்றமடிக்கும் கோப்பைக்குள் ஒரு செப்புக் காசைப் போட்டு எடுப்பது ஒயின் பிரியர்களிடையே பழைய கைவைத்தியம். ஆக, தகடு ஒரு குறிப்பிட்ட குறையை நீக்கும்.

ஆனால் அதை ‘முதிர்ச்சி’ என்று விற்கும் இடத்தில்தான் கணக்கு பிசகுகிறது. ஒயின் முதிர்வது ஒற்றை வினை அன்று. கார்க்கின் வழியே ஆண்டுக்கணக்கில் துளித்துளியாக ஆக்ஸிஜன் கசிகிறது. டானினும் நிறமியும் ஒன்றோடொன்று பிணைந்து பெரிய மூலக்கூறுகளாகின்றன. பழ வாசனை தரும் எஸ்டர்கள் சிதைந்து வேறு மணங்கள் பிறக்கின்றன. ஒவ்வொன்றும் தன் தன் வேகத்தில் நடக்கும். இத்தனையையும் ஓர் உலோகத் துண்டு ஒரு விநாடிக்கு ஓராண்டு என்ற சீரான விகிதத்தில் ஓட்டிக்காட்டாது. அதே தகட்டை நியூசிலாந்தின் மார்ல்பரோ பகுதி சோவின்யோன் பிளாங் ஒயினில் முக்கினால் நடப்பதும் கவனிக்கத்தக்கது. பேஷன் ஃப்ரூட்டையும் பம்பளிமாஸையும் நினைவூட்டும் அதன் மணமே தையால் எனப்படும் கந்தகச் சேர்மங்களிலிருந்து வருவதுதான். நாற்றத்துக்கும் நறுமணத்துக்கும் தாமிரத்துக்குப் பேதம் தெரியாது; இரண்டையும் பிடிக்கும். ஒரு ஒயினைக் காப்பாற்றும் கருவி இன்னொன்றின் உயிரையே எடுக்கிறது. ‘கந்தக நாற்றம் அடித்தால் மட்டும் பயன்படுத்துங்கள்’ என்று எழுதியிருந்தால் அது நேர்மையான சிறு கருவி. ‘முதிர்ச்சி தரும்’ என்று எழுதும்போது அது கதை.

காந்தக் கருவிகளுக்கு இந்த அளவு நியாயம்கூடக் கிடையாது. காந்தப்புலம் டானின் மூலக்கூறுகளை அடுக்கி மென்மையாக்கும் என்பது வழக்கமான விளக்கம். தண்ணீர், ஆல்கஹால், டானின் ஆகிய எதுவும் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருளல்ல. பாட்டிலின் கழுத்தைத் தாண்டி ஒயின் கோப்பைக்குள் விழும் ஒரு நொடிக்குள், ஒரு சாதாரணக் காந்தம் அதன் வேதியியலை மாற்றி, அந்த மாற்றம் கோப்பையிலும் நிலைத்து நிற்கும் என்பதற்கு ஏற்கத்தக்க வழிமுறை எதுவும் இல்லை. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் காந்தத்தைக் கொண்டு ஒயினை மேம்படுத்தியிருக்கிறார்களே என்று சிலர் கேட்கக்கூடும். உண்மைதான். பழுக்காத திராட்சையால் கேபர்னே சோவின்யோனில் தூக்கலாகிவிடும் பச்சைக் குடைமிளகாய் வாடையைக் குறைக்க அங்கே ஆய்வு நடந்தது. ஆனால் அங்கே வேலை செய்தது காந்தம் அல்ல. அந்த வாடைக்குக் காரணமான பைரசின் மூலக்கூறைப் பிடித்துக்கொள்ளும்படி வடிவமைத்த பாலிமரை ஒயினில் கலந்தார்கள். அந்தப் பாலிமரோடு காந்தத் துகள்களை இணைத்திருந்ததால், வேலை முடிந்ததும் அதை வெளியே இழுத்தெடுக்க மட்டும் காந்தம் உதவியது. எந்தக் குறை, எந்த மூலக்கூறு, எந்த வழி என்று மூன்றுக்கும் அந்த ஆய்வில் பதில் இருக்கிறது. கழுத்தில் மாட்டும் வளையத்திடம் மூன்றில் ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதிகம் விற்பவை காற்றூட்டும் கருவிகள். ஓரளவு தகுதியும் அவற்றுக்கு உண்டு. ஒயினைக் காற்றோடு கலக்கும்போது உடனடியாக நடப்பது, எளிதில் ஆவியாகும் பொருட்கள் வெளியேறுவதுதான். மூடிய பாட்டிலில் தேங்கிய கந்தக வாடையும், இளம் ஒயினில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடும் அப்படிக் கலையும். ஆனால் டானின் மென்மையாவது வேறு கதை. சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் ஒயினில் காற்றிலிருந்து கரையக்கூடிய ஆக்ஸிஜன் ஏறத்தாழ 8 மில்லிகிராம். அது கரைந்த பிறகும் டானினோடு வினைபுரிய நெடுநேரம் பிடிக்கும். ஏரேட்டரின் குழாயைக் கடக்கும் சில விநாடிகளில் முடிகிற காரியம் அல்ல. டிகாண்டர் எனப்படும் கண்ணாடிக் குடுவையில் மணிக்கணக்கில் ஊற்றிவைப்பது நெடுநாள் மரபாயிற்றே, நிபுணர்களே செய்கிறார்களே என்ற ஆட்சேபத்துக்கு, போர்தோ பல்கலைக்கழகத்தின் எமில் பெய்னோ முன்பே பதில் சொல்லியிருக்கிறார். நவீன ஒயின் தயாரிப்பின் முன்னோடிகளில் ஒருவரான அவர், அடியில் வண்டல் தங்கிய பழைய ஒயினைத் தெளிய வைத்து ஊற்றத்தான் டிகாண்டர் தேவை, அதையும் பரிமாறும் நேரத்தில் செய்தால் போதும், நெடுநேரம் காற்றில் வைத்தால் மணம்தான் போகும் என்று கருதினார். காற்றுதான் வேண்டுமென்றால், கோப்பையை நாலு சுற்று சுழற்றினாலே கிடைத்துவிடும். மைக்ரோசாஃப்டின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப அதிகாரி நாதன் மிர்வோல்ட், சமையல் அறிவியலைப் பற்றி 2011-இல் வெளியிட்ட ‘மாடர்னிஸ்ட் குசின்’ தொகுதிகளில், ஒயினை மிக்ஸியில் போட்டு அடிக்கலாம் என்றே எழுதினார். அதை யாரும் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் வீட்டில் இருக்கும் மிக்ஸி செய்துவிடக்கூடிய வேலைக்குத் தனிக் கருவி எதற்கு என்ற கேள்வி நியாயமானது.

சல்ஃபைட் நீக்கிகள் சற்றுச் சிக்கலானவை. அவை தாம் நீக்கும் பொருளைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகின்றன. அதற்குப் பின்னால் வேதியியலும் இருக்கிறது. ஒயினைக் கெடாமல் காக்கச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடை, சில கருவிகள் பிசின் கொண்டு உறிஞ்சுகின்றன. சில சொட்டு மருந்துகள் ஹைட்ரஜன் பெராக்சைடால் சல்ஃபேட்டாக மாற்றுகின்றன. பொருள் நீங்குவது உண்மை. அது குற்றவாளியா என்பதுதான் கேள்வி. ஒயின் குடித்தால் வரும் தலைவலிக்கு சல்ஃபைட்தான் காரணம் என்ற நம்பிக்கையின் மேல்தான் இந்த வியாபாரம் நிற்கிறது. ஐரோப்பிய விதிகள் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராமும், வெள்ளை ஒயினுக்கு 200 மில்லிகிராமும் அனுமதிக்கின்றன. நடைமுறையிலும் வெள்ளையில்தான் சல்ஃபைட் பொதுவாக அதிகம். தலைவலிக்காகப் பெரும்பாலோர் குறை சொல்வதோ சிவப்பு ஒயினை. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2023-இல் முன்வைத்த கருதுகோள் வேறு: சிவப்புத் திராட்சைத் தோலில் உள்ள குவெர்சிட்டின் உடலுக்குள் மாற்றமடைந்து, ஆல்கஹாலைச் செரிக்கும் ஒரு நொதியைத் தடுக்கிறது, அதனால் அசிட்டால்டிஹைடு தேங்கித் தலைவலி வரலாம். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு சல்ஃபைட் உண்மையிலேயே ஆபத்தானது; அவர்கள் நம்ப வேண்டியது மருத்துவரின் ஆலோசனையை, மேசைக் குச்சியை அல்ல. மற்றவர்களுக்கு, ஒயினில் உடலைக் கெடுக்கும் முதன்மையான பொருள் ஆல்கஹால்தான். அதை நீக்கித் தருவதாக இந்தக் குச்சிகள் எதுவும் சொல்லவில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஒரு வலுவான ஆட்சேபம் நிற்கிறது: “வேதியியல் கிடக்கட்டும். கருவியைப் போட்டுக் குடித்தால் எனக்கு நன்றாக இருக்கிறது. அதைவிட வேறென்ன வேண்டும்?” இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்க முடியாது. 2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கலிபோர்னியாவில் 20 பேரை மூளை ஸ்கேன் கருவிக்குள் படுக்கவைத்து ஒயின் கொடுத்தார்கள். ஒரே ஒயினை ஒருமுறை 10 டாலர் என்றும் இன்னொருமுறை 90 டாலர் என்றும் சொன்னபோது, விலை கூடியதாகச் சொன்னதையே அவர்கள் அதிகம் ரசித்தார்கள். வாயளவில் மட்டுமல்ல, இன்பத்தை உணரும்போது இயங்கும் மூளைப் பகுதியிலும் செயல்பாடு கூடியிருந்தது. ஆக, எதிர்பார்ப்பு தரும் இன்பம் பொய்யல்ல. ஆனால் அது இந்தக் கருவிகளுக்கு ஆதரவான சாட்சியமும் அல்ல. விலையைச் சொல்லாமல் பிறகு அதே ஒயின்களைக் கொடுத்தபோது அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இன்பம் நம்பிக்கையிலிருந்துதான் வருகிறது என்றால், அதை அழகான கோப்பையும் நல்ல துணையும் சாவகாசமான மாலையும் காசில்லாமல் தரும். விற்பவர் பணம் வாங்குவதோ மூலக்கூறு மாற்றத்துக்கு என்று சொல்லி. சரக்கு வேறு, சீட்டு வேறு. மேலும், நம்பிக்கையில் வாழும் இன்பத்துக்கு ஒரு பலவீனம் உண்டு: விளம்பரத்தை நம்பும் வரைக்கும்தான் அது.

சுவையைச் சோதிப்பதே முடியாத காரியம், நடுவர்களே தடுமாறுகிறார்களே என்று இன்னொரு தரப்பு சொல்லும். தடுமாறுவது உண்மை. கலிபோர்னியா மாநிலக் கண்காட்சியின் ஒயின் போட்டியில், ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், ஒரே பாட்டிலிலிருந்து ஊற்றிய ஒயினை அதே சுற்றில் மூன்று முறை நடுவர்களிடம் நீட்டச் செய்தார். 2008-இல் வெளியான முடிவின்படி, சுமார் 10 சதவீத நடுவர்களே மூன்று முறையும் ஒரே பதக்க வரம்புக்குள் மதிப்பெண் தந்தார்கள். இது கருவி விற்பவருக்குச் சாதகமாகத் தோன்றலாம். உண்மையில் அவருக்கு எதிரானது. மாற்றமே இல்லாத ஒயின் பயிற்சி பெற்ற நாக்குக்கே மூன்று விதமாகத் தெரியும் என்றால், கடையில் முதல் கோப்பையை நேராகவும் இரண்டாவதைக் கருவி வழியாகவும் ஊற்றி, “இப்போது பாருங்கள், எவ்வளவு மென்மை!” என்று சொல்லிக் கொடுக்கும்போது நமக்குத் தெரியும் வித்தியாசத்துக்கு என்ன மதிப்பு? எது கருவி பட்டது என்று குடிப்பவருக்குத் தெரியும்; என்ன உணர வேண்டும் என்றும் முன்கூட்டியே சொல்லியாயிற்று.

நேர்மையான சோதனை வீட்டிலேயே சாத்தியம். பாலை முதலில் ஊற்றினார்களா, தேநீரை முதலில் ஊற்றினார்களா என்று குடித்தே சொல்லிவிடுவேன் என்ற ஒரு பெண்மணியின் கூற்றைச் சோதிக்க, புள்ளியியல் மேதை ரொனால்டு ஃபிஷர் வகுத்த முறை 1935-இல் வெளியான அவருடைய நூலில் இருக்கிறது. அதை ஒயினுக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒரே பாட்டில், ஒரே வெப்பநிலை, ஒரே மாதிரியான எட்டுக் கோப்பைகள். நான்கு கருவி பட்டவை, நான்கு படாதவை. அடுத்த அறையில் வேறொருவர் ஊற்றி, அடியில் எண்ணை ஒட்டி, வரிசையைக் கலைத்துக் கொண்டுவர வேண்டும். எந்த நான்கு கருவி பட்டவை என்று குருட்டாம்போக்கில் முழுவதும் சரியாகச் சொல்ல 70-இல் ஒரு வாய்ப்புதான் உண்டு. சரியாகச் சொல்லிவிட்டால், கருவி ஏதோ செய்கிறது என்று கொள்ளலாம். அதன் பிறகே ‘எது பிடித்திருக்கிறது’ என்ற அடுத்த கேள்வி. வித்தியாசம் வேறு, மேம்பாடு வேறு. ஒயினில் தண்ணீர் கலந்தாலும்கூட வித்தியாசம் தெரியத்தான் செய்யும்.

குறையையும் வழியையும் பெயர் சொல்ல வேண்டும் என்ற அளவுகோலில் தேறும் கருவிகளும் இருக்கின்றன. கோராவின் என்ற கருவி கார்க்கைத் திறக்காமல் மெல்லிய ஊசியால் ஒயினை எடுத்து, அந்த இடத்தை ஆர்கான் வாயுவால் நிரப்புகிறது. பகை ஆக்ஸிஜன்; வழி, அதை உள்ளே விடாமல் இருப்பது. விலையுயர்ந்த பாட்டிலை மாதக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகப் பரிமாறும் உணவகத்துக்கு அது பயன்படும். ஒரு பாட்டிலை இரண்டு நாளில் முடிப்பவருக்கு, மிச்சத்தைச் சிறிய பாட்டிலில் விளிம்புவரை நிரப்பி மூடி ஃபிரிட்ஜில் வைத்தாலே போதும். கெட்ட கார்க்கால் ஈரமான அட்டைப்பெட்டி வாடை அடித்தால், காரணம் டிசிஏ என்ற சேர்மம். லிட்டருக்குச் சில நானோகிராம் இருந்தாலே மூக்குக்குத் தெரிந்துவிடும். சமையலறையின் பாலித்தீன் உறையைக் கசக்கிச் சற்று நேரம் ஒயினில் ஊறவைத்தால் அதில் பெரும்பகுதி பாலித்தீனில் ஒட்டிக்கொள்ளும். மணமும் கொஞ்சம் போகும், ஆனால் அந்த விலைக்கு மோசமில்லை.

இவற்றையெல்லாம்விடப் பலன் தருவது ஒரு தெர்மாமீட்டர். சிவப்பு ஒயினை ‘அறை வெப்பநிலையில்’ பரிமாற வேண்டும் என்ற பழைய விதி, 18 டிகிரியைத் தாண்டாத ஐரோப்பியக் கல்வீடுகளில் பிறந்தது. சென்னையின் மே மாத அறை 30 டிகிரிக்கு மேல். அங்கே ஆல்கஹாலின் காரம்தான் முதலில் மூக்கில் ஏறும். 2015-இல் டோக்கியோ மருத்துவ, பல் மருத்துவப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கோப்பையிலிருந்து எழும் ஆல்கஹால் ஆவியைப் படம்பிடித்தார்கள். 13 டிகிரியில், ஒயின் கோப்பையில் ஆவி விளிம்பைச் சுற்றி வளையமாகத் திரண்டு, நடுவில் குறைந்திருந்தது; அந்த நடுப்பகுதியில்தான் மணத்தைத் தடையின்றி முகர முடியும். வெப்பநிலை உயர்ந்ததும் அந்த வளையம் காணாமல் போனது. கோப்பையின் வடிவத்துக்கும் பயன் உண்டு, ஆனால் வெப்பநிலை சரியாக இருந்தால் மட்டுமே என்பது இதிலிருந்து புரியும். ஃபிரிட்ஜில் அரைமணி நேரம் வைத்து எடுப்பது எந்த வளையத்தையும் தகட்டையும்விட ஒரு சிவப்பு ஒயினை நம் ஊரில் அதிகம் மாற்றும்.

விலை குறைவு, கெடுதலும் இல்லை, வாங்கிப் பார்த்தால் என்ன என்பது கடைசி ஆட்சேபம். கெடுதல் உண்டு என்பதைத் தாமிரத் தகடு காட்டிவிட்டது. அந்தப் பணத்தைச் சேர்த்து அடுத்த பாட்டிலைக் கொஞ்சம் நல்லதாக வாங்கினால் மேம்பாடு நிச்சயம். நிரூபிக்கும் பொறுப்பும் வாங்குபவருடையது அல்ல. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், அதன் கீழ் 2022-இல் வந்த தவறான விளம்பரங்களுக்கு எதிரான வழிகாட்டுதல்களும், விளம்பரத்தில் சொல்வதற்கு ஆதாரம் காட்டும் கடமையை விற்பவர் மீதே வைக்கின்றன. இது ஒயினோடு நிற்கிற விஷயமும் அல்ல; தண்ணீரைக் காந்தத்தால் ‘உயிரூட்டும்’ குழாய்க்கும், காரத்தன்மை ஏற்றித் தருவதாகச் சொல்லும் இயந்திரத்துக்கும் இதே கேள்விகள் பொருந்தும். எந்தப் பொருளை மாற்றுகிறீர்கள்? எவ்வளவு? எது எந்தக் கோப்பை என்று தெரியாமல் குடித்தவர்களும் அதைக் கண்டுபிடித்தார்களா? இந்த மூன்றுக்கும் பதில் அச்சிட்ட பெட்டியை வாங்கலாம். பதிலாகத் திருப்தியடைந்த வாடிக்கையாளர்களின் புன்னகைப் படம் மட்டும் இருந்தால், பெட்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வரலாம்.